மாநகராட்சி ஆன காரைக்குடி: நம்ம வயலுக்கு என்ன நிறம்?

2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் காரைக்குடி மாநகராட்சி ஆனது. 1928இல் நகராட்சி ஆன ஊர், 2011 கணக்கெடுப்பில் 1,06,714 பேர் வாழ்ந்த ஊர். நகராட்சி எல்லைக்குள் ஏற்கெனவே வீடுகள் நெருக்கியடித்து நின்றன. மாநகராட்சி என்ற பெயருக்கு வேண்டிய பரப்பும் தலைக்கணக்கும் வெளியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம், கோவிலூர், அரியக்குடி, இலுப்பைக்குடி உள்ளிட்ட ஊராட்சிகளும் இணைக்கப்பட்டன. இவற்றில் கண்மாய் உண்டு, ஊருணி உண்டு, மேய்ச்சல் தரை உண்டு, மழையை நம்பி நெல் விதைக்கிற நிலமும் உண்டு.

இணைப்பு என்றதும் சனங்கள் முதலில் பேசியது இரண்டைப் பற்றித்தான். வீட்டு வரி ஏறும். நூறு நாள் வேலை போகும். தமிழ்நாடு முழுக்க இணைக்கப்பட்ட, இணைக்கப்படவிருந்த பல ஊராட்சிகளில் இதைச் சொல்லித்தான் மக்கள் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனார்கள். நியாயமான கவலைதான். ஊரக வேலைத் திட்டம் என்பதால் ஊர் நகரமானால் வேலை அட்டைக்கு மதிப்பில்லை. ஆனால் மூன்றாவதாக ஒரு சங்கதி இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சே குறைவு. வரியைக் கூட்டினால் பிறகு குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். நிலத்தின் பயன்பாடு ஒருமுறை மாறிவிட்டால் அதைத் திருப்பிக் கொண்டுவந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஒன்றை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தவுடனே நஞ்சை மனையாகி விடாது. இந்தப் புரளியைக் கிளப்பிவிட்டே புரோக்கர்கள் பாதி விலைக்கு நிலத்தை மடக்குகிறார்கள். 'இனி இங்க விவசாயம் பண்ண விடமாட்டாங்க, இப்பவே குடுத்துடுங்க' என்பது அவர்களின் வாடிக்கையான பேச்சு. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. பட்டா உங்களுடையது, பயிரும் உங்களுடையது. மாற்றம் வரும் வழி வேறு. அது ஒரு வரைபடத்தின் வழியாக வரும். அதற்குப் பெயர் முழுமைத் திட்டம்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு திட்டப் பகுதிக்குள் வரும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பயன்பாடு குறிக்கப்படும். குடியிருப்பு, வணிகம், தொழில், பொது நிறுவனம், விவசாயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பொதுவாகக் குடியிருப்புக்கு மஞ்சள், விவசாயத்துக்குப் பச்சை. நகரத்தின் எல்லை விரியும்போது இந்த வரைபடத்தையும் புதிதாக வரைய வேண்டிவரும். அடுத்த இருபது வருடம் நகரம் எந்தப் பக்கம் வளரும் என்று கணித்து, அந்தப் பக்கத்துப் பச்சையை மஞ்சளாக்குவார்கள். உங்கள் வயல் மஞ்சளுக்குள் விழுந்தாலும் நீங்கள் உழலாம், விதைக்கலாம். ஆனால் பக்கத்துக் காட்டுக்காரர் மனை போட நினைத்தால் அவருக்குப் பெரிய தடை எதுவும் இருக்காது. உங்களைச் சுற்றி நாலு பக்கமும் மனைக்கல் முளைத்த பிறகு, நடுவில் ஒற்றை வயலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தாக்குப்பிடிப்பீர்கள்?

தாக்குப்பிடிக்க முடியாததற்குக் காரணம் தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

சிவகங்கைச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. வருடத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். அந்த மழையைக் கண்மாய் கண்மாயாகத் தேக்கித்தான் இந்த மண்ணில் நெல் விளைந்தது. மேலே இருக்கிற கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக உபரி வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. சங்கிலி போல ஒன்றோடொன்று கோத்தது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால். கண்மாயிலிருந்து தண்ணீரை வயலுக்கு எடுத்துவிடுவது மடை. அந்த மடைப் பாசனத்தில் விளையும் நிலம் ஆயக்கட்டு.

இப்போது ஆயக்கட்டில் பாதி மனையாகிவிட்டது என்று வையுங்கள். மீதி விவசாயிகள் பத்துப் பேர். மடையைத் திறந்தால் தண்ணீர் மனை வழியாகத்தான் வரவேண்டும். வீடு கட்டியவர் சும்மா இருப்பாரா? வாசலில் தண்ணீர் வருகிறது என்று மண்ணைப் போட்டு வாய்க்காலை மூடுவார். மடை அடைபடும். மடை அடைபட்டால் கண்மாயை மராமத்து செய்ய ஆள் வராது. நீர்ப்பங்கு பேச, கரையைக் காக்க யாரும் இல்லை. கருவேலம் மண்டும். மேலே வரத்துக்காலின் ஓரத்தில் இன்னொரு மனைப்பிரிவு வரும். அதன் சாக்கடை வரத்துக்காலில் விழும். அஞ்சாறு வருடம் போனால் 'பயன்பாடு இல்லாத நீர்நிலை' என்று ஆபீஸ் கோப்பில் ஒரு வரி ஏறும். அடுத்து அங்கே பஸ் ஸ்டாண்டோ, ஏதோ ஒரு கட்டடமோ. மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை 2004இல் திறக்கப்பட்டது உலகனேரிக் கண்மாயில்தான். சென்னையில் இன்று துணிக்கடையும் நகைக்கடையுமாக நிற்கிற தியாகராய நகர், 1920களில் பழைய மாம்பலம் ஏரிப் பரப்பில் எழுந்தது. நீர்நிலை அழிப்பில் நீதிமன்றம், அரசாங்கம், தனியார் என்று யாரும் பாக்கியில்லை.

கண்மாய் செத்ததற்குக் கண்மாய்க்குள் நடந்த ஆக்கிரமிப்பைத்தான் எல்லோரும் காரணம் சொல்வார்கள். அதற்கு முன்பே ஆயக்கட்டு நிலம் நிறம் மாறியபோதே அதன் சாவு தொடங்கிவிடுகிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பைத் தடுக்க 2007இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. ஆயக்கட்டைக் காக்க அப்படி ஒன்று வரவில்லை.

நகரத்துக்காரர்கள் இதை 'விவசாயிகள் பிரச்சினை' என்று நினைத்தால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 900 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் வருடத்துக்கு ஏறக்குறைய 36 லட்சம் லிட்டர் விழுகிறது. அரையடி உயரம் தண்ணீர் நிற்கும்படி வரப்பு கட்டிய வயல், ஒரே நேரத்தில் ஏக்கருக்கு 6 லட்சம் லிட்டரைப் பிடித்து வைக்கும். மெல்ல மெல்ல உள்ளே இறக்கும். அதே ஏக்கரில் சிமெண்ட் ரோடும் மாடி வீடும் கார் நிறுத்தத் தளமும் வந்தால், அந்தத் தண்ணீர் அரைமணி நேரத்தில் தாழ்ந்த தெருவுக்கு ஓடிவந்துவிடும். செக்காலையிலும் சுப்பிரமணியபுரத்திலும் இருப்பவர்கள் மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று புகார் சொல்லும்போது, அந்தத் தண்ணீர் முன்பு எங்கே நின்றது என்றும் கேட்க வேண்டும். காரைக்குடிக்காரர்கள் எந்த ஊருக்குப் போனாலும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற சம்பை ஊற்றுத் தண்ணீரும் இப்படி மண்ணுக்குள் இறங்கிய மழைதான். வேறெங்கிருந்தும் வரவில்லை.

இதை நம் முன்னோர்கள் அறியாதவர்கள் இல்லை. செட்டிநாட்டு ஊர்களின் கட்டுமானத்தைப் பார்த்தாலே தெரியும். அதுவும் ஒரு முழுமைத் திட்டம்தான், பேப்பரில் வரையாத திட்டம். கட்டம் கட்டமாக நேர் தெருக்கள். ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடுகள். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் வளவுக்குள் விழுந்து, அங்கிருந்து தெரு வாய்க்காலுக்கும், தெரு வாய்க்காலிலிருந்து ஊருணிக்கும் போகும். குடிக்க ஒரு ஊருணி, குளிக்க வேறு ஊருணி. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் சேர்ந்தன. தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் இவற்றைப் பார்த்து மட்டும் அது நடக்கவில்லை. இந்தத் தண்ணீர் ஏற்பாடும் அதில் ஒரு காரணம்.

அந்தப் பெரிய வீடுகளில் எத்தனையோ இன்று பூட்டிக் கிடக்கின்றன. இடித்தவர்கள் வீட்டுத் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைபோகின்றன. ஊருக்கு நடுவே இவ்வளவு கட்டடம் ஆளில்லாமல் இருக்க, ஊருக்கு வெளியே வயலை அறுத்து மனை போடுகிறோம். வீடு இல்லாதவருக்கு வீடு வேண்டாம் என்று இந்தப் பத்திரிகை எந்நாளும் சொல்லாது. ஆனால் போடப்படுகிற மனைகளில் வீடு கட்டிக் குடியிருப்பது எத்தனை, வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறக் காத்திருப்பது எத்தனை என்று ஒரு நாள் புறநகர்ச் சாலையில் வண்டியில் போய்ப் பாருங்கள். நீலம், மஞ்சள் கல் மட்டும் வரிசையாக நிற்கும். நடுவில் கருவேலம். அது விவசாயத்துக்கும் ஆகவில்லை, வீட்டுக்கும் ஆகவில்லை.

நகரம் வளரக் கூடாது என்பதும் நம் வாதம் இல்லை. காரைக்குடியே ஒருவர் தந்த நிலத்தில் வளர்ந்த ஊர். கோட்டையூரில் பிறந்த அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்தது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் ஆய்வகம் திறந்தது. அதுவும் நிலப் பயன்பாட்டு மாற்றம்தான். யார் நிலம், யாருக்காக, என்ன வந்தது என்பது ஊருக்கே தெரிந்த மாற்றம். இன்று மினி டைடல் பூங்காவுக்கு இடம் தந்திருக்கிற பகுதியின் பெயர் கழனிவாசல். பெயரில் மட்டும் கழனி மிச்சம்.

சரி, சட்டம் நமக்கு என்ன இடம் வைத்திருக்கிறது?

முழுமைத் திட்டத்தின் வரைவு வந்ததும் அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு போட வேண்டும். பொதுமக்கள் எழுத்து மூலமாக ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். சொன்னவரை அழைத்துக் கேட்கவும் வேண்டும். இது சட்டம் தந்த உரிமை, யாரும் போடுகிற பிச்சை இல்லை. ஆனால் அந்த அறிவிப்பு எந்தப் பக்கத்தில் வரும் தெரியுமா? டெண்டர் விளம்பரத்துக்கும் பெயர் மாற்ற விளம்பரத்துக்கும் நடுவில், எறும்பு எழுத்தில். இரண்டு மாதம் கழிந்தபின் 'யாரும் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை' என்று எழுதிவிடுவார்கள். திட்டம் ஒப்புதலான பிறகும் தனித்தனி சர்வே எண்ணுக்குப் பயன்பாட்டை மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பிக்க வழி உண்டு. அதற்கும் விளம்பரம் போட்டு ஆட்சேபணை கேட்பார்கள். பெரிய வரைபடத்தைவிட இந்தச் சில்லறை மாற்றங்கள்தான் அதிகம் கண்ணில் படாமல் நடப்பவை.

திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கிற விவசாய நிலத்துக்கு 2017இல் வந்த தனி விதிகள் உண்டு. மாவட்ட ஆட்சியர் பரிந்துரை வேண்டும். வேளாண்மைத் துறையின் கருத்தும் கேட்கப்படும். அதற்கு முந்தைய வருடம், 2016 செப்டம்பரில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். விளைநிலம் கண்மூடித்தனமாக மனையாவதைப் பார்த்துவிட்டுத்தான் நீதிமன்றம் அப்படி இறங்கியது. பிறகு 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்தினார்கள். தடை வந்தது, காசு கட்டினால் தடை போனது.

2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தையும் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது காவிரி டெல்டாவுக்கு. நமக்குப் பக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் வட்டாரங்கள் வரை வந்து நிற்கிறது, சிவகங்கைக்கு வரவில்லை. வந்திருந்தாலும், எண்ணெய்க் கிணறு, உருக்காலை போன்றவற்றைத்தான் அது தடுக்கிறது. வீட்டு மனை அந்தப் பட்டியலில் இல்லை. கேரளத்தில் 2008லேயே நெல்வயலையும் சதுப்பு நிலத்தையும் ஊர் ஊராகப் பட்டியல் எடுத்து, அதை நிரப்பக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஓட்டைகள் இருந்தாலும், எது வயல் என்ற கணக்கு அங்கே கையில் இருக்கிறது. இங்கே 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டமென்றால், உள்ளே இருக்கிற நீர்நிலையையும் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிறது அது.

குடியிருப்போர் ஒன்றுசேர்ந்து வென்ற கதையும் இருக்கிறது. பெங்களூரு சதாசிவநகர்ப் பகுதியில் மனைப்பிரிவு போட்டபோதே பூங்காவுக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கியிருந்தார்கள். 1976இல் அதை ஒரு தனியார் அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்ட அரசு ஒதுக்கியது. ஆஸ்பத்திரிதானே, நல்லதுதானே என்று அவர்கள் விடவில்லை. அந்தப் பகுதி மக்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1991இல் மக்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. பூங்காவென்று ஒதுக்கிய இடம் அங்கே குடியிருப்போர் அனைவருக்கும் உரியது, அதைத் தனியாருக்குக் கொடுக்க முடியாது, கேள்வி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று ஆனது. பெரிய மனைப்பிரிவுகளில் நம் விதிப்படியும் பத்தில் ஒரு பங்கு பொதுத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் நகரில் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டதுண்டா?

இனி, இணைந்த பகுதியில் நிலம் வைத்திருக்கிற நம்மவர்களுக்கு நேரடியாக உறைக்கிற சில விஷயங்கள்.

நிலத்தை விற்றால்: கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. 10,000 பேருக்கு மேல் உள்ள நகர எல்லைக்குள் வந்துவிட்டால் உண்டு. எல்லைக்கு வெளியேயும் விடாது. ஒரு லட்சத்துக்கு மேல், பத்து லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரமென்றால், எல்லையிலிருந்து நேர்கோட்டில் 6 கிலோமீட்டர் வரை அந்த வரி பாயும். எல்லை தள்ளிப் போகும்போது அந்த 6 கிலோமீட்டரும் தள்ளிப் போகிறது. மாநகராட்சியில் சேராத ஊர்க்காரரும் இதைக் கவனிக்க வேண்டும்.

அரசு எடுத்தால்: 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தில் கிராமப்புற நிலத்தின் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையுள்ள ஒரு காரணியால் பெருக்கித்தான் இழப்பீடு கணக்கிடுவார்கள். நகர்ப்புறம் என்றால் 1 மட்டும்தான். பெருக்கல் இல்லை.

மாடு வளர்த்தால்: நகர்ப்புறங்களில் கால்நடை வளர்க்க உரிமம் வேண்டும் என்று 1997லேயே தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. எல்லா ஊரிலும் ஒரே கறாராக நடைமுறையில் இல்லைதான். ஆனால் மனைகள் நெருங்க நெருங்க, சாணி வாடை அடிக்கிறது, ஈ மொய்க்கிறது என்று முதல் புகார் தொழுவத்தின் மேல்தான் வரும். மாட்டை விற்றுவிட்டு அமிர்தக்கரைசலும் பஞ்சகவ்யமும் எதைக் கொண்டு செய்வது? நம் முறைக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. போதாததற்கு, வரத்துக்காலில் கழிவுநீர் கலந்துவிட்டால் பங்கேற்பு உத்தரவாதச் சான்று வைத்திருப்பவர் பாசன நீரைப் பற்றிக் குழுவுக்கு என்ன பதில் எழுதுவார்?

செய்ய வேண்டியவை ரொம்பப் பெரிய காரியங்கள் இல்லை. ஒவ்வொரு பருவமும் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அடங்கலில் உங்கள் பயிரைப் பதியவையுங்கள். விதைத்திருந்தும் 'தரிசு' என்று ஏறியிருந்தால் உடனே எழுதிக் கொடுத்துத் திருத்துங்கள். மூன்று வருடம் தரிசு என்று இருக்கிற நிலத்துக்கு மஞ்சள் பூசுவது சுலபம். கண்மாய், ஊருணி, வரத்துக்கால், மேய்ச்சல் புறம்போக்கு எல்லாவற்றுக்கும் சர்வே எண் இருக்கிறது. அ பதிவேட்டிலும் புலப்படத்திலும் பார்க்கலாம், இணையத்திலும் எடுக்கலாம். ஊராட்சியின் வசம் இருந்த ஊருணிகள் மாநகராட்சிக் கைக்குப் போகும் இந்த நேரத்தில்தான் சில எண்கள் காணாமல் போகும். பட்டியலை இப்போதே எடுத்து ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம சபை இனி இல்லை என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். நகரத்தில் வார்டு குழு, பகுதி சபை என்று 2022 முதல் ஏற்பாடு இருக்கிறது. கிராம சபையின் பலம் அதற்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அங்கே எழுந்து, 'நம்ம வார்டுல எந்தெந்த சர்வே எண்ணுக்கு நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்டு மனு வந்திருக்கு?' என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

வரைவு வரைபடம் வெளியானால் தனித்தனியாக 'என் நிலத்தைப் பச்சையில் வையுங்கள்' என்று எழுதுவதைவிட, ஒரு கண்மாயின் ஆயக்கட்டுக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதுவது மேல். கண்மாயின் பெயர், அதன் வரத்துக்கால் எண்கள், மடைகள், ஆயக்கட்டு சர்வே எண்கள், கலுங்கு வழிந்தால் தண்ணீர் போகும் அடுத்த கண்மாய், கடைசியாக நிறைந்த வருடம், இப்போது விளைகிற பயிர் எல்லாம் அதில் இருக்கட்டும். ஆயக்கட்டு முழுவதையும் ஒரே தொகுதியாக விவசாய மண்டலத்தில் வைக்க வேண்டும் என்று கேளுங்கள். வரத்துக்காலின் இரு கரையிலும் கட்டடம் வராமல் இடம் விடவும் கேளுங்கள். வெள்ளத்துக்குப் பயந்த தெருக்காரர்களின் கையெழுத்தும் அதில் சேர்ந்தால் மனுவின் கனம் வேறு. மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். விசாரணைக்கு அழைப்பு வரும்போது அந்த நகல்தான் கையில் இருக்க வேண்டும்.